ஒன்பது மணிப் பக்கம்

கைக்கண்ணாடியைக் கொடுத்தால் எந்தப் பெண்ணும் உடனே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை. முதலில் கூரையைப் பார்ப்பாள். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, வெள்ளையடித்த கூரையில் ஒரு ஒளித்துண்டு மீன் மாதிரி நீந்தும். காலை மடக்கிப் படுத்திருப்பவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக்கா அவசரப்படுத்த மாட்டாள். மீன் எந்தப் பக்கம் போகிறது என்று அவளும் வேடிக்கை பார்ப்பாள். சில நாள் இரண்டு பேருமே வந்த வேலையை மறந்துபோய், திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா தொண்டையைச் செருமும் வரை அப்படியே இருந்துவிடுவார்கள்.

கண்ணாடிக்கா என்பது அந்த ஆஸ்பத்திரி வைத்த பெயர். புதிதாக வந்த ஒரு டாக்டர் வருகைப் பதிவில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு, இப்படி ஒருத்தர் இங்கே வேலையே பார்க்கவில்லையே என்று கேட்டாராம். அதற்குள் அவள் வேலைக்கு வந்து தலை நரைத்துவிட்டது.

படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டதுதான் அவள் கற்ற முதல் பாடம். ஆளைப் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றுவது, புண் வராமல் முதுகைத் துடைப்பது, முகம் சுளிக்காமல் எதையும் எடுத்துக் கொட்டுவது எல்லாம் அங்கே கைவந்தது. மாமியார் போன பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, பெண்கள் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். மாடிப்படி திரும்பும் மூலையில் இருந்த ஆராய்ச்சி அறைக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே வேறு யாரும் போக விரும்பவில்லை. வினிகர் நாற்றம் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும் என்று சொன்னார்கள். உண்மைதான், வரும்.

காலை நேரம் கருப்பை வாய் பார்ப்பதற்கு. டாக்டரம்மா வினிகரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக் காத்திருப்பார். ரோஜா நிறத்தில் பளபளக்கும் அந்தச் சின்ன வட்டத்தில், உயிரணுக்கள் கெட ஆரம்பித்த இடம் இருந்தால் அது மட்டும் மெல்ல மெல்ல வெளுக்கும். குளிர்ந்த ஜன்னலில் யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு படலம் எழும். கண்ணாடிக்காவுக்குப் பிடித்த நேரம் அது. அறையில் யாரும் பேச மாட்டார்கள். கருவிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசரிலிருந்து ஆவி கசியும். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எதுவும் முடிவாகாத அந்த இடைவெளியில், அவள் மனசு எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்ளும். வெளுத்தால் அந்த இடத்தை உறைய வைப்பார்கள், அல்லது கம்பி வளையத்தால் செதுக்கி எடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் அவ்வளவுதான் வேலை.

மத்தியானம் வருகிறவர்கள் வேறு. இவர்களுக்கு நோய் வெளியே, பெண்குறியின் தோலில். தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிப்போகும். உயிர் போகிற மாதிரி அரிக்கும். பூஞ்சை என்று சொல்லி யாராவது ஒரு களிம்பு கொடுத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் அதைத் தடவிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், கடைசியில் உட்கார முடியாதபோது வருவார்கள். சரியான களிம்பை விடாமல் போட்டால் முக்கால்வாசிப் பேருக்கு அடங்கிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் அந்த வெளுப்பில் ஒரு இடம் தடித்து, புற்றாக மாறும். எல்லாமே வெள்ளையாக இருக்கும் இடத்தில் எந்த வெள்ளை புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரவர் உடம்பை அவரவரே மாதம் ஒரு முறை பார்த்து வந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாமா? டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இதுதான்.

அதில் கண்ணாடி நுழைந்தது கண்ணாடிக்காவால். ஒரு பள்ளிக்கூட டீச்சர் மாதக்கணக்காகக் களிம்பு போட்டும் குணம் தெரியவில்லை என்று அழுதாள். எங்கே தடவுகிறாய், காட்டு என்று கேட்டால், தொடை இடுக்கைக் காட்டினாள். அவள்மேல் தப்பில்லை. அந்த இடத்தில் தடவு என்று சொன்ன ஒருத்தராவது எந்த இடம் என்று காட்டியிருக்க வேண்டும். மறுநாள் கண்ணாடிக்கா வீட்டிலிருந்து ஒரு கைக்கண்ணாடி கொண்டுவந்தாள். அது அவளுடைய நாத்தனார் புருவம் திருத்த வைத்திருந்தது. எங்கே போனது, எதற்குப் போனது என்று தெரிந்த பிறகு நாத்தனார் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை.

பேச்சுக்கு வசதியாக மணிக்கணக்கு வந்தது. டாக்டர்களுக்குள் அது பழைய வழக்கம். அந்த இடத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணி தொப்புள் பக்கம், ஆறு மணி பின்பக்கம், மூன்றும் ஒன்பதும் இரண்டு ஓரங்கள். கண்ணாடிக்கா இதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கொரு கண்ணாடியும் கொடுத்து அனுப்பினாள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாய் கூசாமல், ஆபீசில் நாலு பேர் நடுவில் இருந்துகொண்டே போனில் சொல்லலாம். "அக்கா, நாலு மணியில கொஞ்சம் வெடிப்பு." நாலு மணிக்கு எங்கே போகிறாய் என்று பக்கத்தில் படுத்திருந்த புருஷன் கேட்டதாக ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். மத்தியானங்களில் போன் பக்கத்தில் உட்கார்ந்து, நகரம் முழுக்க மூடிய கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்திருப்பதையும், அத்தனை கூரைகளிலும் அத்தனை மீன்கள் நீந்துவதையும் கண்ணாடிக்கா நினைத்துப் பார்ப்பாள். போன் மணி அடித்தால் திடுக்கிட்டு எழுவாள்.

சொன்ன மணியில் டாக்டரம்மா தேடுவார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அதற்கு முன்னால் இடத்தை மருந்து போட்டுச் சுத்தம் செய்வது கண்ணாடிக்காவின் பொறுப்பு. சுத்தம் செய்துவிட்டால் அப்புறம் யார் கையும் அங்கே படக் கூடாது. படுத்திருப்பவள் தன்னையறியாமல் கையை நீட்டினால், "கை, கை," என்று மெதுவாகத் தட்டி ஒதுக்குவாள். நல்ல பழக்கம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

வந்தவர்களில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தாள். ஸ்டாப் பெயர் கூவிக் கூவி, ரகசியம் பேசினாலும் மாடிப்படி வரை கேட்கும் குரல். மூன்று மணியில் அரிசி நொய் மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது என்று போனில் சொன்னாள். டாக்டரம்மா மூன்று மணியில் பார்த்தார், சதையும் எடுத்தார். வழக்கமான வெளுப்புதான், வேறொன்றும் இல்லை என்று முடிவு வந்தது. சில மாதம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். மறுபடியும் ஊசி. இந்த முறை அவள் கையை நீட்டிக் காட்டப் பார்த்தாள். கண்ணாடிக்கா வழக்கம்போல அந்தக் கையைத் தட்டி ஒதுக்கினாள்.

"நீங்க ஊசி போடற இடம் வேற ஸ்டாப்பு மாதிரி இருக்கு," என்றாள் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாகூடச் சிரித்தார். சோதனை மறுபடியும் வெறும் வெளுப்பு என்றுதான் சொன்னது. அதற்குப் பிறகு கண்டக்டர் போன் செய்யவில்லை.

இப்போது கண்ணாடிக்காவின் சொந்தக் கதைக்கு வர வேண்டும். அவளுக்கும் அரிப்பு இருந்தது. எத்தனை வருஷமாக என்று அவளுக்கே தெரியாது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், வெயில் என்றாள், வயசு என்றாள். வருகிறவர்களெல்லாம் இதே மூன்று சாக்கைச் சொல்லும்போது உள்ளுக்குள் சிரித்தவள் அவள்தான். அத்தனை பெண்களுக்குக் கண்ணாடி பிடித்தவள் தனக்குப் பிடித்ததில்லை. அடுத்தவர் உடம்பு என்றால் வேலை, தன் உடம்பு என்றால் வெறும் உடம்பு.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். நாத்தனாரின் அண்ணன், அதாவது இவள் புருஷன், இறந்து வெகுநாள் ஆயிற்று. இருந்தும் இரண்டு பேரும் பிரிந்து போகவில்லை, சண்டை போட வேறு ஆள் கிடைக்காததால் என்று தெருவில் சொல்வார்கள். அந்த நாத்தனார்தான் ஒரு நாள் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அண்ணி, நீங்க கொஞ்ச நாளா கப்பல் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு உட்கார்றீங்க."

"நாற்காலி ஆடுது."

"நாற்காலியை மாத்தி மாத்திதான் உட்கார்றீங்க. எல்லாமே ஒரே பக்கமா ஆடுது போல. என் கண்ணாடியை ஊருக்கெல்லாம் காட்டினீங்களே, ஒரு தடவை நீங்களும் பாருங்க."

லீவு நாள் ஒன்றில், உச்சி வெயிலில், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கைக்கண்ணாடியோடு குளியலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் சரிந்து விழுந்தது. கூரையில் மீன் வந்தது. அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு குனிந்தாள். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. எங்கும் வெள்ளை. இருந்த மடிப்புகள் கரைந்துபோயிருந்தன, ஓரங்கள் தெரியவில்லை. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாக, இது வெளுப்பு நோய்தான், ரொம்ப நாள் முற்றியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளைக்கு மேலே இன்னொரு வெள்ளையாக ஒரு திட்டு. விரலால் தொட்டால் சொரசொரப்பு. கண்ணாடியில் மணி பார்த்தாள். ஒன்பது.

வெளியே வந்தபோது நாத்தனார் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு வைத்திருந்தாள்.

தாமதமாக வந்தவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள் கண்ணாடிக்கா. அதனால் கணக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அந்தத் திட்டு இப்போதே பிடிபட்டால் ஒரு சின்ன வெட்டு, சில தையல். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவள் நினைக்க மறுத்தாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், நம் ஆராய்ச்சிக்கு இன்னொரு ஆள் இருக்கிறாள், ஒன்பது மணி என்றாள். யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். டாக்டரம்மா கையுறைப் பெட்டியை எடுத்தார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் அந்த அறை வேறு மாதிரி இருந்தது. ஸ்டெரிலைசரின் ஆவி மேலே மேலே போய்க் கூரையில் கலைந்தது. கூரையின் மூலையில் ஒரு விரிசல், ஆற்றின் வரைபடம் மாதிரி. நின்றபடி மீனை மட்டும் பார்த்தவளுக்கு இத்தனை வருஷமாக அது கண்ணில் பட்டதே இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். பக்கத்து வார்டிலிருந்து ஒரு சின்ன நர்ஸ் வந்து சுத்தம் செய்தாள். தட்டில் பட்ட விளக்கொளி மேலே மீனாக மாறி அசையாமல் நின்றது. அந்த வெளிச்சத்தில் மிதப்பது சுகமாகத்தான் இருந்தது. பயமும் எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோ போல இருந்தது.

டாக்டரம்மா உருப்பெருக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுசாக வெளுத்திருக்கிறது, களிம்பு இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றார். ஆனால் ஒன்பது மணியில் புதுசாக எதுவும் தெரியவில்லை, எதற்கும் அங்கிருந்து துளி எடுத்து அனுப்பிவிடலாம் என்றார். கண்ணாடிக்கா சரி என்றாள். புதுசாக எதுவும் இல்லை என்ற சொல் காதில் தேனாக இறங்கியது. அப்படியே கண்ணை மூடினாள்.

மரத்துப்போகும் ஊசிக்கு முன்னால் டாக்டரம்மாவின் விரல் ஒரு இடத்தில் பட்டு நின்றது. கையுறையின் குளிர்ச்சி. அது வலது ஓரத்தில் இருந்தது. திட்டு இருந்ததோ இடது ஓரத்தில். கண்ணாடிக்காவின் கை தானாக எழுந்தது, பாதி வழியில் நின்றது. கை, கை. சொன்னது யார் என்று தெரியவில்லை. சின்ன நர்ஸ் வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மிதப்பு அவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் அந்த மிதப்புக்குள் மாடிப்படி வரை கேட்கும் அந்தக் கண்டக்டரின் குரல் நினைவில் வந்தது. கண்ணாடிக்கா கண்ணைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. வேற ஸ்டாப்புல நிக்கிறீங்க."

விரல் விலகியது. "நீங்க சொன்ன ஒன்பது மணிதானே?"

"நீங்க தொடறது எனக்கு வலது பக்கம்."

"ஆமா. ஒன்பது உங்களுக்கு வலது பக்கம்தான்."

"இல்லையே. எனக்கு ஒன்பது இடது பக்கம்."

டாக்டரம்மா சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவள் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தார். கண்ணாடிக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடது ஓரம் கண்ணாடியில் இடது பக்கமே தெரிந்தது, ஒன்பது மணிக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவுக்கோ அதே ஓரம் வலது கைப் பக்கம், மூன்று மணிக்கு. கண்ணாடி பார்க்கிறவளுக்கும் எதிரே இருந்து பார்க்கிறவருக்கும் இரண்டு ஓரங்களும் இடம் மாறியிருந்தன. பன்னிரண்டும் ஆறும் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். அதனால்தான் தப்பு இத்தனை நாள் சமர்த்தாக ஒளிந்துகொண்டிருந்தது. போதாததற்கு இந்த வெளுப்பு எப்போதும் இரண்டு ஓரத்திலும் சமமாகப் படர்வது. எந்தப் பக்கம் தேடினாலும் ஏதோ ஒன்று இருக்கும்.

"கையை வையுங்க," என்றார் டாக்டரம்மா.

"சுத்தம் பண்ணியாச்சே."

"மறுபடியும் பண்ணிக்கலாம். வையுங்க."

கண்ணாடிக்கா தன் விரலைத் திட்டின்மேல் வைத்தாள். டாக்டரம்மா தன் விரலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை அங்கே திருப்பினார். மறுபடியும் சுத்தம் செய்யச் சொல்லி, ஊசி போட்டு, சதை எடுத்தார். முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு, ஒன்பதுன்னு சொன்னவங்க நிறைய பேர் இருப்பாங்க," என்றார்.

"ரெண்டு, நாலு, எட்டு, பத்துகூடத் தப்புதான்," என்றாள் கண்ணாடிக்கா.

மணிக்கணக்கு டாக்டரம்மா கொண்டுவந்தது, கண்ணாடி இவள் கொண்டுவந்தது. தனித்தனியாக இரண்டிலும் குறையில்லை. ஒரே அடுப்பில் ஏற்றிவைத்தது இரண்டு பேரும்தான். யார்மேல் பழி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அன்றைய பொழுது அதிலேயே போயிருக்கும், செய்ய வேண்டிய வேலை தலைக்கு மேல் இருந்தது.

சோதனை முடிவு வந்தது. உயிரணுக்கள் கெட ஆரம்பித்திருந்தன, இன்னும் புற்றாகவில்லை. டாக்டரம்மா திட்டைச் சுற்றிலும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எடுத்துத் தைத்தார். வீட்டில் நாத்தனார் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் தலையணை வாங்கி வந்து, "இதாவது நமக்குன்னு இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க அண்ணி," என்றாள். தையல் ஆறும் முன்பே கண்ணாடிக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போன் பக்கத்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட ஆரம்பித்தாள். மணி சொன்னது எங்கள் தப்பு, மறுபடியும் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று சுருக்கமாகச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். வசவையும் சிரிப்பையும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டு அடுத்த எண்ணைச் சுற்றினாள்.

கண்டக்டரைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் எடுக்கவில்லை. கடைசியில் கண்ணாடிக்கா பஸ் டிப்போவுக்கே போனாள். வண்டிகள் வந்து திரும்பும் இடத்தில், புகைக்கும் வெயிலுக்கும் நடுவில், தையல் இழுக்க இழுக்க நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு பஸ்ஸும் கண்ணாடியில் வெயிலை வாங்கி வந்து திரும்பும்போது, டிப்போ சுவரில் ஒரு பெரிய ஒளி வழுக்கிக்கொண்டு ஓடியது. எத்தனையாவது பஸ்ஸிலோ கண்டக்டர் இறங்கினாள். இவளைப் பார்த்ததும் பையை இடுக்கிக்கொண்டு நேராக வந்தாள்.

"என்ன, ஆஸ்பத்திரி இப்போ ரோட்டுக்கே வந்துடுச்சா?"

கண்ணாடிக்கா நடந்ததைச் சொன்னாள். தன் திட்டையும் தையலையும் சேர்த்தே சொன்னாள். கண்டக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குரலுக்கு அது பெரிய விஷயம்.

"நான் அன்னைக்கே காட்ட வந்தேன். நீங்கதான் என் கையைத் தட்டி விட்டீங்க."

"ஆமா. தட்டி விட்டேன். நாளைக்கு வா. முதல் ஆளா உன்னைப் பார்க்கச் சொல்றேன்."

"ட்யூட்டி இருக்கு."

"அப்போ நாளைக்கு உன் பஸ்ஸுல ஏறி, நீ இறங்கற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் வாங்க மாட்டேன்."

கண்டக்டர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்தாள்.

அறையில் இப்போது வேலை செய்யும் முறை மாறியிருந்தது. சுத்தம் செய்வதற்கு முன்னால், மணி எதுவும் கேட்காமல், படுத்திருப்பவளின் விரல்தான் முதலில். அவள் தொட்ட இடத்தில் ஊதா மருந்தால் ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கண்டக்டர் படுத்ததும் கூரையைப் பார்த்தாள். அவள் கை மார்பின்மேல் இறுக்கமாக மடங்கிக் கிடந்தது, நகரவில்லை. ஒரு தடவை தட்டப்பட்ட கை அவ்வளவு சுலபமாக வராது. கண்ணாடிக்கா காத்திருந்தாள். கண்ணாடியிலிருந்து கிளம்பிய மீன், ஆற்று வரைபடம் மாதிரி இருந்த விரிசலை ஒட்டி மெல்லப் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா இந்த முறை தொண்டையைச் செருமவில்லை.

கண்ணாடிக்கா அந்தக் கையைப் பிடித்து எடுத்து, கீழே கொண்டுபோய் விட்டாள். விரல் கொஞ்சம் தேடி, ஒரு இடத்தில் நின்றது. அவள் ஊதாப் புள்ளி வைத்தாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், உருப்பெருக்கியில் பார்த்தார், மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கு," என்றார். கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஆனால் முழுசாக வெட்டி எடுக்கக்கூடிய அளவுதான் என்று தோன்றுகிறது, சதை சோதனை வந்ததும் நிச்சயமாகச் சொல்கிறேன் என்றார்.

கண்டக்டர் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுதான் ஸ்டாப்பு," என்றாள், மாடிப்படி வரை கேட்கும்படி.

கண்ணாடிக்கா ஊசிக்கான தட்டை எடுக்கத் திரும்பினாள். தட்டு அசைந்ததில் கூரையில் இரண்டாவதாக ஒரு மீன் வந்து சேர்ந்தது.